கர்ணன் இடுப்பில் வைத்திருந்தது

கம்பத்து ஏலக்காய் வியாபாரி கர்ணனுக்கு ஒரே ஒரு கொழுந்தியா. பேர் மாரீஸ்வரி. அவர் மனைவி சுப்புத்தாய்க்கு ஒன்பது வயது இளையவள். கல்யாணத்தன்றே மாப்பிள்ளை காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்துத் தன் உரிமையை நிலைநாட்டியவள். "வா மாமா, போ மாமா" என்றுதான் பேசுவாள். அவர் தொப்பையை விடமாட்டாள், வழுக்கையை விடமாட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்த மனுஷன். தன்னை ஒருத்தி இப்படி வாங்கு வாங்கென்று வாங்குவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மாமனார் வீட்டுக்குப் போவதே அதற்காகத்தான் என்று சுப்புத்தாய் சொல்வதுண்டு. பொய்யில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தி இறங்கினார். பின்னாலிருந்து வந்து இரும்புக் கம்பியால் மண்டையில் போட்டார்கள். பதினோரு தையல். போன பணப்பையை ஒரு மாதத்தில் மறந்துவிட்டார். அடி விழுவதற்கு முன் சரளைக்கல்லில் கேட்ட காலடிச் சத்தம்தான் மண்டைக்குள் தங்கிவிட்டது. டீக்கடையில்கூடச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

ஒன்றரை வருஷம் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினார். மதுரையில் சுடப் பழக்கிய கிறிஸ்டோபர் ராணுவத்தில் இருந்து வந்தவன். கர்ணனைவிடப் பத்து வயது சின்னவன்.

"சார், எதிர்க்க நிக்கிறது யாருன்னு தெரிஞ்ச பெறகுதான் இதுல கை போகணும். கோயில், கல்யாணம், கூட்டம்னா கொண்டு போகவே கூடாது" என்றான்.

கர்ணன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் பதித்த இரும்புப் பெட்டி வாங்கினார். எப்போதாவது குடித்ததை அடியோடு விட்டார். உத்தமபாளையத்தில் ஒரு மினி லாரி காரை உரசி, உரசியவனே இறங்கி வந்து திட்டியபோதும் வாய் திறக்கவில்லை. "இத வச்சுக்கிட்டு நான் சண்டைக்குப் போகக் கூடாது சுப்பு" என்றார். உண்மையிலேயே பொறுப்பான மனுஷன்தான். ஆனால் பயம் போகும் என்று வாங்கியது, புதுசாக ரெண்டு பயத்தைக் கூட்டி வந்தது. எவனாவது எடுத்துவிடுவானோ, எங்கேயாவது விழுந்துவிடுமோ என்று. பேசிக்கொண்டிருக்கும்போதே கை சட்டைக்குமேல் இடுப்பைத் தொட்டுப் பார்க்கும். சிரிப்பு குறைந்துபோனது.

போன வருஷம் வைகாசியில் மாமனார் ஊரில் அம்மன் பொங்கல். மயிலாடும்பாறைப் பக்கம் சின்ன ஊர் அது. கம்பத்து வீடு மூன்று நாள் பூட்டிக் கிடக்கும். அந்த வாரம்தான் தெருவில் ரெண்டு வீட்டில் பூட்டை உடைத்திருந்தார்கள். இரும்புப் பெட்டியே இருந்தாலும், ஆள் இல்லாத வீட்டில் துப்பாக்கியை விட்டுப் போவது தப்பு என்று கர்ணனுக்குப் பட்டது. ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றும் தோன்றத்தான் செய்தது. அதற்கு ஒரு மனு, ஒரு ரசீது, அரை நாள் அலைச்சல். கூடவே இருந்தால்தான் பத்திரம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்குச் சோம்பல் என்று பேர் வைக்க அவருக்கு மனசு வராது. சோம்பல்தான்.

மூன்றாம் நாள் காலை மஞ்சத்தண்ணி. முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்ளும் நாள். சொல்லிவிட்டு ஊற்றினால் அதற்கு மதிப்பில்லை. பதுங்கி வந்து, ஆள் அசந்த நேரம் பார்த்துத் தலையோடு கவிழ்க்க வேண்டும். மாமன் திரும்பிப் பார்த்துவிட்டால் கொழுந்தியாளுக்குத் தோல்வி. கர்ணனுக்கு இது தெரியாதா என்ன? இருபது வருஷமாக நனைந்தவர்தானே.

கோயிலுக்குப் போய்விட்டுச் சந்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் சரளையில் காலடி கேட்டது. வேகமாக வந்தது.

அவர் எப்போது திரும்பினார், கை எப்போது இடுப்புக்குப் போனது என்பது அவருக்கே நினைவில்லை. துப்பாக்கி மாரீஸ்வரியின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவள் குடத்தைத் தூக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். குடம் விழுந்தது. மஞ்சள் தண்ணீர் ரெண்டு பேர் காலுக்கும் நடுவில் ஓடியது.

"மாமா, நாந்தான் மாமா. மாரி மாமா" என்றாள், ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

அவள் புருஷன் செல்லப்பாண்டி ஓடி வந்தான். கத்தியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால் கர்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"அண்ணே, அத உள்ள வைங்க. ஊருக்குள்ள ஒண்ணும் தெரிய வேணாம்."

பெண்டாட்டியைத் தோளில் அணைத்துக் கூட்டிக்கொண்டு போனான். ஆனால் சந்தில் நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

காரில் ஊர் திரும்பினார்கள். வீரபாண்டி தாண்டியபிறகு சுப்புத்தாய் கேட்டாள்.

"அதுல குண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கம்பம் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரமே லைசென்ஸோடு அதை ஒப்படைத்தார். "இதுக்கு ஆளுக தவம் கெடக்காக, நீங்க வேணாங்குறீகளே" என்றார் ஆபீஸில் எழுதியவர். "இதச் சுமக்குற ஆளு நானில்லைங்க" என்றார் கர்ணன். அதைச் சொல்ல ரொம்பத் தாமதமாகிவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும்.

மாரீஸ்வரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வாசலிலேயே அழுதுவிட்டார். "அட விடுங்க மாமா, தெரியாம நடந்துபோச்சு. வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் மன்னித்துவிட்டாள், சந்தேகமே இல்லை. அந்த 'வாங்க'வும் 'உக்காருங்க'வும்தான் அவருக்குப் புதுசு.

இந்த வருஷமும் பொங்கலுக்குப் போனார். மஞ்சத்தண்ணி அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தெரு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு வேண்டுமென்றே நின்றார். பின்னால் கால்கள் ஓடி வந்தன. பிடரி கூசியது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் அருகில் வந்ததும் அந்தக் கால்கள் வேகம் குறைந்து, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போயின. இப்படி அரை மணி நேரம். ஊரே மஞ்சளாக இருந்தது. அவர் மட்டும் காய்ந்துபோய் நின்றார்.

கடைசியில் அவரே மாரீஸ்வரியிடம் போனார். சட்டையைத் தூக்கி வெறும் இடுப்பைக் காட்டினார்.

"ஒண்ணுமில்லத்தா எங்கிட்ட. பாரு. ஊத்து."

அவள் பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். சொம்பால் கொஞ்சம் மொண்டு, முகத்தில் தெறித்துவிடாமல் கவனமாக, அவர் தோளில் ஊற்றினாள்.

"போதுங்களா மாமா?"

"போதும்த்தா" என்றார்.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். அங்கே யாரோ ஒரு மாமன் அலறுவதும், அவள் விழுந்து விழுந்து சிரிப்பதும் அவர் காதுக்குக் கேட்டன.