காது எட்டியவர்களின் பிறந்த நாள்

என் கணவர் வேல்பாண்டி ஊருக்கே தேதி சொன்னவர். உத்தமபாளையம் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. இருபது வருடமாக, காலையில் பல் விளக்கினாரோ இல்லையோ, அதில் ‘வரலாற்றில் இன்று’ எழுதிவிடுவார். மனிதன் நிலவில் கால் வைத்தது, நெப்போலியன் தோற்றது எல்லாம் டீ ஆறுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். எங்கள் கல்யாண நாளும் பெர்லின் சுவர் இடிந்த தேதியும் ஒன்று. சுவரை அவர் ஒரு வருடம்கூட மறந்ததில்லை.

அவருக்குத் தெரியாத தேதி, தான் பிறந்த தேதிதான்.

சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருந்தது. அந்தக் காலத்துத் தலைமையாசிரியர், தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஐந்து வயது முடிந்ததாக வைத்து ஒரே தேதியைப் போட்டுவிட்டார். இவர் வகுப்பில் இருபத்தேழு பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஊரில் அன்று வேறு வேலையே நடந்திருக்காது.

“வாத்தியார் பெத்த பிள்ளைகளோட என்னையச் சேக்காத” என்பார். அவருக்கு ஆதாரம் அவருடைய அம்மா சங்கிலியம்மாள் சொன்னது: “பெரியாத்துத் தண்ணி தொறந்துட்டாகன்னு தெருவுல தண்டோரா போட்டாக. அப்பப் பெறந்தவன்டா நீ.”

பாசனத்துக்குப் பெரியாறு அணையைத் திறப்பது வழக்கமாக ஜூன் முதல் தேதி. மழை பிந்தினால் தள்ளிப்போகும். தான் பிறந்த வருடம் மழை பிந்தியது என்று இவரே முடிவு கட்டிக்கொண்டார். ஜூலை பதினான்காக இருக்க வேண்டும் என்பது ஆசை. பாஸ்டில் சிறைக்கதவும் பெரியாற்று மதகும் ஒரே தேதியில் திறந்தால் பலகையில் எவ்வளவு அழகாக இருக்கும்!

டீக்கடை ராஜபாண்டியும் ஜூன் ஒன்றுதான். “ஏலே வேலு, ஒனக்காக மழைய ஒன்றரை மாசம் தள்ளிவைக்கிறியே, நாத்துப் பாவுனவன் என்னலே பாவம் பண்ணான்?” என்று கேட்பார்.

இந்தத் தையில், தான் பிறந்த வருடம் அணை திறந்த தேதியைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். மாசியில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், “ஃபிளெக்ஸ்ல ஜூன் ஒன்னு போட்றாத ஜோதி” என்றார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளிடம் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான்.

அஞ்சலி ஃபிளெக்ஸில் ‘தோற்றம்’ என்ற இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். அச்சடித்த திரிஷா, “தோற்றமே இல்லாம மறைவு எப்பிடிக்கா?” என்றாள். நியாயமான கேள்வி.

பதினாறாம் நாள் காரியத்தன்று மனுவுக்குப் பதில் வந்தது. அந்த வருடம் அணை திறந்த தேதி, ஜூன் ஒன்று.

யாரிடமும் சொல்லவில்லை. நேற்று ஜூன் ஒன்று. டீக்கடைக்குப் போய்ப் பலகையில் எழுதினேன்: ‘இன்று வேல்பாண்டி பிறந்தார்.’

ராஜபாண்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “அப்ப எங்க பேரு, தங்கச்சி? நாங்களுந்தான இன்னைக்குப் பெறந்தோம்?”

“நீங்கள்லாம் வாத்தியார் சொல்லிப் பெறந்தவுக அண்ணே. இவுக மட்டுந்தான் நெசமாவே இன்னைக்குப் பெறந்தவுக” என்று கடிதத்தை நீட்டினேன்.

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இது தெரிஞ்சிருந்தா அவன் இன்னொருக்கச் செத்திருப்பானே!”

பலகையில் கீழே நிறைய இடம் மிச்சம் இருந்தது. உலகத்தில் அன்று வேறு எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.