ஏத்தியாச்சுன்னு எழுது

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் சின்ன ஆபீஸ் ஒன்றில் என்னை ஒரு மாதம் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். வெளிநாட்டு மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலை. "ஒன் இங்கிலீஷ் தாங்குதான்னு பாப்போம் தம்பி. தாங்கலைன்னா ஒங்கய்யாகூட மில்லுக்குப் போயிரு," என்றார் முதலாளி அண்ணாச்சி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தாங்கித்தான் ஆக வேண்டும்.

அதனால் சாயங்காலம் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் டியூஷனுக்குப் போனேன். கீழே பால்கோவா கிண்டுவார்கள். மாடியில் டீச்சர் எங்களைக் கிண்டுவார். அந்த வாரம் ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட்.

"ஐ, யூ, வீ, தேன்னா ஹேவ். ஹீ, ஷீ, இட்னா ஹேஸ். பொறவு வினைச்சொல்லோட மூணாவது வடிவம்; கோ, வென்ட், கான்ல கடைசி. நம்ம 'சாப்பிட்டாச்சு', 'வந்தாச்சு'தான் இது. ஆனா காரியம் முடிஞ்சிருக்கணும். முடியாம எழுதினா அது இங்கிலீஷ் இல்ல, பொய்."

மறுநாளே வந்தது சோதனை. சரக்கு எங்கே என்று வெளிநாட்டு வியாபாரி மெயிலில் கேட்டிருந்தார்.

"லாரியில ஏத்தியாச்சுன்னு எழுது," என்றார் அண்ணாச்சி.

ஜன்னல் வழியே பார்த்தேன். லாரி காலியாக நின்றது. அதன் நிழலில் லோடுமேன்கள் படுத்திருந்தார்கள். இரண்டு அக்காமார் பேல் என்ற துணிக்கட்டுகளுக்குச் சாவகாசமாகச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஏத்தலையே அண்ணாச்சி."

"ஏத்தத்தான போறோம்? ஏன், ஒங்க வீட்டுல இப்படிச் சொன்னதே இல்லையா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? "சேத்தூர் தாண்டியாச்சு" என்று என் அய்யா போனில் சொன்னால், வீட்டில் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மறுமுனையில் இருப்பவரும் அதைப் புரிந்துகொண்டு நிதானமாகக் குளிக்கப் போவார். பாவம், அந்த வெளிநாட்டுக்காரருக்கு இந்த ஏற்பாடு தெரியுமா?

"ஏத்திக்கிட்டிருக்கோம்னு எழுதட்டுமா?"

"எழுது. அவன் ஆர்டரைக் கேன்சல் பண்ணுவான். நான் ஒன்னையக் கேன்சல் பண்ணுதேன்."

'வீ ஹேவ் லோடட் தி கூட்ஸ்' என்று எழுதினேன். இலக்கணம் சுத்தம். அனுப்பும் பொத்தானுக்கு மட்டும் விரல் போகவில்லை.

"அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். வாயால் சொன்னது தமிழ்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான் பேலைப் பிடித்து இழுப்பதைப் பார்த்த ஒரு அக்கா, "ஏட்டி, இங்க பாரு, இங்கிலீசு மூட்டை தூக்குது!" என்றாள்.

"அம்புட்டு அவசரம் என்னலே? லாரியிலயா ஒனக்குப் பொண்ணு வருது?" என்றாள் மற்றவள்.

சிரித்தாலும் ஊசிகள் வேகமெடுத்தன. நான் ஒற்றை ஆளாகத் திணறுவதைச் செத்த நேரம் ரசித்துவிட்டு லோடுமேன்களும் எழுந்து வந்தார்கள். கடைசிப் பேல் ஏறியதும் உள்ளே ஓடிப் பொத்தானை அழுத்தினேன்.

உடனே அண்ணாச்சியின் போன் சத்தம் போட்டது. எல்லா மெயிலுக்கும் ஒரு நகல் அவருக்குப் போகும் என்பதை மறந்துவிட்டேன். போனைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், என் சட்டையெல்லாம் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"அப்பமே அனுப்பியாச்சுன்னியே தம்பி?"

"லாரி நெறஞ்ச பொறவுதான் அண்ணாச்சி அனுப்ப மனசு வந்துச்சு."

"இந்த லாரி பொழுது அடையுததுக்குள்ள கிளம்பி நான் பாத்ததே இல்ல," என்றார்.

"அப்ப என் வேலை, அண்ணாச்சி?"

"நிரந்தரமாக்கியாச்சு, போ."

இது டீச்சர் சொன்ன 'ஆச்சு'வா, எங்கய்யா சொல்லும் 'ஆச்சு'வா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை, காவலாளி கேட்டைத் திறக்கும் முன்பே போய் நின்றேன்.