ஸ்கேனுக்குத் துரத்திய அக்கா

தையல்காரியின் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது எல்லோரும் வாயு என்றார்கள். முதுகு கிழிவதுபோல் வலிக்கிறது என்று அலறியவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

"சில குடும்பத்துல இது பரம்பரையா வரும். வலியே இல்லாம உள்ளுக்குள்ள வீங்கிட்டே போகும். கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஸ்கேன் எடுத்துடுங்க."

அன்றிலிருந்து தம்பியை ஸ்கேனுக்குத் துரத்துவதே தையல்காரிக்குப் பிழைப்பாயிற்று. வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் மாடிக்கு மாடி தூக்குகிறவன் அவன். ஒருநாள் லாரி பழுது என்பான், இன்னொரு நாள் போனையே எடுக்க மாட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நேத்துகூட ஃபிரிட்ஜை ஒத்தை ஆளா தூக்கினேன்."

"அதுக்குத்தான்டா அடிச்சுக்கிறேன்! கனம் தூக்கினா பிரஷர் எகிறும். ரத்தக் குழாய் வீங்கியிருந்தா என்ன ஆகும்?"

"நீ எடுத்துட்டியா?"

"எனக்கெங்கடா நேரம்? பள்ளிக்கூட யூனிபார்ம் மலையா குவிஞ்சு கிடக்கு."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு, அவன் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த தெருவுக்கே போய் லாரியை மறித்து நின்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மானம் போகிறதே என்று அவன் இறங்கி வந்தான்.

"வரேன். ஆனா நீயும் எடுக்கணும்."

தம்பியின் பெருந்தமனி கல்லுப்போல் நன்றாக இருந்தது. அக்காவுடையதுதான் இதயத்தைவிட்டுக் கிளம்பும் இடத்திலேயே புடைத்திருந்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமாம். அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. தொண்டை வறளக் கத்தியது யார், வந்தது யாருக்கு!

"வீங்கின பகுதிய எடுத்துட்டு, பாலியஸ்டர் குழாய் வச்சுத் தைச்சுடுவோம்" என்றார் டாக்டரம்மா.

"பாலியஸ்டரா? தையல் பிரியாதுல்ல?"

"பிரியாதும்மா."

பிரியவில்லை. ஆனால் வீடு திரும்பியதும் தம்பியின் ராஜ்ஜியம் தொடங்கியது. குடத்தைத் தொட்டால் அதட்டினான். தையல் மெஷினுக்குப் போர்வை போர்த்தி, அதன்மேல் தன் சட்டைகளை அடுக்கி வைத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

"பிள்ளைங்கள ஸ்கேனுக்கு எப்போ கூட்டிட்டுப் போறீங்க அண்ணி?"

"பரீட்சை முடியட்டுமே."

"பரீட்சையா!"

"கத்தாதக்கா, பிரஷர் ஏறும்" என்றபடி தம்பி போனைப் பிடுங்கினான். பிடுங்கியவன், "அண்ணி, நாளைக்குக் காலையில ரெண்டு பேரையும் கெளப்பி வைங்க. நானே வரேன்" என்றான்.