பதினொரு முறை வந்த பல்லவி

தறிக்கொட்டகையில் அந்தக் கோடிவரை கேட்கும்படி கத்துகிறவள் நான். ஆனால் மைக் என்றால் பயம். சூலூரில் எங்கள் மாதா கோவிலில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால், "தொண்டை கட்டிக்கிச்சுங்க ஃபாதர்" என்று வருஷக்கணக்காகப் பொய் சொல்லி வந்தேன்.

போன தவக்காலத்தில் தப்ப முடியவில்லை. பதிலுரைப் பாடல் என் பங்கு. நான் ஒவ்வொரு பத்தியாக வாசிக்க வேண்டும். பத்தி முடிந்ததும் சபையார் பல்லவி சொல்வார்கள். பயப்படாதே, ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்பதுதான் அன்றைய பல்லவி!

முதல் பத்தியின் பாதியிலேயே குரல் நின்றுபோனது. இறங்கி ஓடிவிடலாம் என்று திரும்பினேன். முன் பெஞ்சிலிருந்த தெரசக்கா, பத்தி முடிந்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, பல்லவியை எடுத்துவிட்டார். மொத்தச் சபையும் சேர்ந்துகொண்டது. அதற்குள் எனக்கு மூச்சு வந்தது. மறுபடி நின்றேன், மறுபடி பல்லவி. நாலு பத்திக்குப் பதினொரு பல்லவி! கடைசியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஃபாதருக்கும்தான்.

பூசை முடிந்ததும் தெரசக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ நின்னுட்டது தெரிஞ்சுதான் சொன்னேன் அம்மணி. எனக்கும் மேல ஏறி வாசிக்கப் பயம். கீழ உக்காந்து அதையாச்சும் செய்யலாம்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.

அடுத்த மாதம் அவரையும் வாசிக்க ஏற்றிவிட்டோம். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். முன் பெஞ்சில் நான் இருந்தேன். என் தறிக்கொட்டகைக் குரலிலேயே பல்லவியை எடுத்தேன்.