எஞ்சினை அணைக்காத ஜீப்

போன வாரம் மகளுடைய காரில் மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி மகள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குக் காதில் ஏறவில்லை. ஸ்டீரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூக்கு நீண்ட எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம். என் கண் அதைவிட்டு நகரவே இல்லை.

"அது என்னம்மா எரியுது?"

"ஆயில் கொஞ்சம் கம்மியாம்ப்பா. அடுத்த வாரம் சர்வீஸ் விடணும், அப்பப் பாத்துக்கலாம்."

"நிறுத்தி ஒரு தடவ ஆயில் அளக்கற குச்சிய எடுத்துப் பாத்துடலாமே."

"இந்தக் கார்ல குச்சியே கிடையாதுப்பா. எல்லாம் அதுவே சொல்லும்."

அதுவே சொல்லும் என்றால் அவளுக்கு நிம்மதி. எனக்கு அதுதான் பயம். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற ஆள். பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணமெல்லாம் தேவைப்பட்டதில்லை. ஆனால் எஞ்சின் ஆயில் விஷயத்தில் மட்டும் என் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த நேரம் பார்த்து மகள் கண்ணாடியை இறக்கினாள். அறுத்த வைக்கோல் வாசனையும், எங்கோ எரிந்த டீசல் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன. அவ்வளவுதான், நான் கல்யாணத்துக்குப் போவதையே மறந்துவிட்டேன்.

நான் தாலுகா ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. ஆட்சி மாறி, ஆபீஸ் பலகைகளில் எல்லாம் புதுத் தமிழ் ஏறிக்கொண்டிருந்த காலம். ஜீப்பின் முகப்பில் 'தமிழ்நாடு அரசு' என்று எழுதிய பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அந்த எழுத்து மட்டும்தான் ஜீப்பில் புதிது. டிரைவர் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டார். யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டபோது, மாமாவின் ரைஸ்மில் லாரியைப் பழகிய பாவத்துக்கு நான் கையைத் தூக்கிவிட்டேன். லைசென்ஸ் இருந்தது, தைரியம் இல்லை. அதைச் சொல்ல அங்கே தனியாக ஒரு விண்ணப்பம் இல்லாததால் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஜீப்புக்கு இரண்டு நோய். பேட்டரி போய்விட்டது, தள்ளினால்தான் கிளம்பும். முன்பக்கம் விட்டுச் சுழற்றுகிற கைப்பிடி ஒன்று இருக்கவேண்டும், இல்லையா? எங்கள் ஜீப்பின் கைப்பிடியை ஏதோ ஒரு வரப்புத் தகராறில் யாரோ எடுத்து வீசிவிட்டதால், அது சாட்சிப் பொருளாகக் கோர்ட்டில் இருந்தது. அடுத்த நோய், ஆயில் கசிவு. நிற்கிற இடத்தில் எல்லாம் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் நகரும்.

எங்கள் பக்கத்துத் தரை தாம்பாளம் மாதிரி. சரிவு வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்குத்தான் போகவேண்டும். அதனால் சாயங்காலமானால் பாமணியாற்றுக் கரைமேல் கொண்டுபோய் மூக்கைக் கீழே காட்டி நிறுத்துவோம். காலையில் பிரேக்கை விட்டால் உருண்டு, கியரைப் போட்டதும் உதறிக்கொண்டு கிளம்பும். டிரைவர் கண்டுபிடித்த வைத்தியம் அது. இதில் ஒரு சிக்கல் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சரிவில் நிற்கிற வண்டியில் ஆயில் குச்சியை எடுத்தால், அது காட்டுவது அளவே இல்லை. ஆயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். சரியாகத் தெரியவேண்டுமென்றால் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். சமதரையில் அணைத்தால் மறுபடி கிளப்பமுடியாது. ஆக, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

தை மாதம், சம்பா முற்றி நின்றது. கடைமடையில் ஒரு ஊர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், இரண்டு தரப்புப் பிள்ளைகளும் இன்று நன்றாக இருக்கிறார்கள். அறுப்புக் கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கேட்டார்கள் உள்ளூர் ஆட்கள். முடியாது என்ற பண்ணை, வேறு தாலுகாவிலிருந்து லாரியில் ஆள் இறக்கிவிட்டது. வெளியாள் அரிவாள் கதிரில் படுவதற்குள் பேசி முடிக்கவேண்டும். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். போன நடவின்போது அதே வயலில் மண்டைகள் உடைந்திருந்தன. பேசப் போகிறவர் எங்கள் துணைத் தாசில்தார். அவரை எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வோம். ஓட்டிக்கொண்டு போகிறவன் நான். பின்னால் போலீஸ் வரும் என்றார்கள். அன்று வேறு ஊரிலும் தகராறு, அவர்கள் அங்கே போய்விட்டார்கள்.

ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகிற ஊரில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். கூஜாவில் தண்ணீரும், வாழையிலையில் கட்டிய தயிர்சாதமும் கூடவே வரும். அந்தக் காலத்தில் ஜனங்கள் பேச்சைவிட இதைத்தான் கவனித்தார்கள். ஜீப் முதலில் யார் வாசலில் நின்றது, அதிகாரி யார் வீட்டு மோரைக் குடித்தார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஊர் முழுக்கப் போய்விடும். பண்ணையில் ஒரு இளநீர் குடித்தால் போதும், அப்புறம் அவர் சொல்வது எதுவும் கூலிக்காரர் தெருவில் எடுபடாது.

காலையில் பனி. கரைச்சரிவில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டைத் தொடவில்லை. சரிவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கிளப்பிவிட்டேன். கோரையாற்றங்கரைச் சாலையில் முதல் வளைவு திரும்பும்போது ஆயில் விளக்கு சிவப்பாக ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. நேரானதும் அணைந்தது. அடுத்த வளைவிலும் சிமிட்டியது. அந்த ஆறு வளைவதையே தொழிலாக வைத்திருப்பது.

"என்ன தம்பி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"ஆயில் கொஞ்சம் கம்மிங்கய்யா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அதுதாங்கய்யா தெரியல."

ஐயா கூஜாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குள் படம் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் கரையில் நிற்போம், அங்கே அரிவாள் இறங்கிவிடும். யாருக்கோ தலை போகும், அது என்னால் போனதாக இருக்கும். ஒவ்வொரு சத்தமும் எனக்கு எஞ்சின் தட்டுகிற சத்தமாகக் கேட்டது. ஒரு தடவை ஐயா தொண்டையைச் செருமினதற்கே பிரேக்கைப் போட்டுவிட்டேன்.

போய்ச் சேர்ந்தோம். வயலின் ஒரு பக்கம் லாரியில் வந்த ஆட்கள், இடுப்பில் அரிவாளோடு, தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி குந்தியிருந்தார்கள். வயலுக்குள்ளே, கதிருக்கு நடுவில், உள்ளூர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலை மட்டும்தான் தெரிந்தது. அறுத்தால் எங்களையும் சேர்த்து அறு என்று அர்த்தம். வரப்போரமாக அவர்கள் வீட்டு ஆண்கள் நின்றார்கள். காலடியில் கருங்கல் ஜல்லி குவிந்திருந்தது. நெல் வயலில் ஜல்லி விளையாது, யாரோ சுமந்துதான் வந்திருக்கவேண்டும்.

ஐயா இறங்கினார். நான் எஞ்சினை அணைக்கவில்லை. களத்து ஓரம் முழுச் சமதரை. அணைத்தால் போயிற்று. தள்ள ஆள் கேட்டால் எந்தப் பக்கத்து ஆளைக் கேட்பது? வரி பாக்கிக்காக வண்டிக்குள்ளேயே பிடித்துவைக்கப்பட்டவன் மாதிரி, ஆக்சிலேட்டரில் கால் வைத்தபடி, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா ஓடுகிற எஞ்சினில் அது சிமிட்டவில்லை, எரிந்தது. கொஞ்சம் கூட்டி மிதித்தால் அணையும், விட்டால் எரியும்.

பேச்சு ஏறவில்லை. ஐயா ஒரு வார்த்தை சொன்னால் பத்துக் குரல் எழும்பியது. அந்த நேரத்தில் பண்ணைக் காரியக்காரர் ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதராகத்தான் சிரித்தார்.

"சார், எஞ்சின் சத்தமே சரியில்லீங்களே. நம்ம பம்புசெட்டு ஆயில்தான். ஊத்திக்குங்க, கெட்டுப்போயிடப் போவுது."

எனக்கு அந்த டின்னைக் கண்டதும் அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு ஆசை. கை நீளுகிற நேரத்தில்தான் கவனித்தேன், வயலில் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லோரும் அந்த டின்னைப் பார்த்தார்கள். கதிருக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். பாக்கியம் என்று பெயர், போன நடவில் தலையில் அடிபட்டவரின் மனைவி என்று பிறகு தெரிந்தது.

"ஆயில ஊத்திக்கிட்டு யாரு பக்கம் பேசுவீங்க?"

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் விடவில்லை.

"அது கெடக்கட்டும். வந்ததுலேருந்து வண்டிய அணைக்காமலே நிக்கிறீங்களே, அது எதுக்கு? போன நடவுலயும் இதே மாதிரி ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சுங்க. இஞ்சினு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மொதக் கல்லு விழுந்ததும் போயிடுச்சு. எங்க வீட்டுக்காரரு இந்த வரப்புலதான் கெடந்தாரு. கட்டில்ல போட்டுத் தூக்கிட்டுப் போனோம். இப்பவும் பாதிப் பேச்சுல ஓடத்தான வச்சிருக்கீங்க?"

பேட்டரி என்று ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் இவ்வளவு நேரமும் ஓடத் தயாராக நின்றவர்களாகத்தான் தெரிந்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால், எனக்கு ஓடத்தான் ஆசை.

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, வண்டிய நிறுத்துங்க."

"ஐயா, நிறுத்துனா மறுபடி..."

"தெரியும். நிறுத்துங்க."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி அடங்கியது. அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதிர் உரசுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"இனிமே நானே நெனச்சாலும் போக முடியாதும்மா. பேட்டரி கிடையாது, வண்டி கிளம்பாது. கல்லு விழுந்தா எனக்கும் விழும். இப்ப சொல்லுங்க."

பாக்கியம் கதிரை விலக்கிக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் வரப்பில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பானெட்டைத் திறந்து, கடைசியில் சமதரையில் நிற்கிற வண்டியின் குச்சியை உருவி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கு ஒரு நெல்லளவு குறைவு. காலையிலிருந்து என் உயிரை எடுத்தது அவ்வளவுதான்.

வெயில் சாய்கிறவரை பேசினார்கள். கேட்ட அரைப் படி முழுசாகக் கிடைக்கவில்லை, ஆனால் கூலி கொஞ்சம் கூடியது, அறுப்பும் உள்ளூர் ஆட்களுக்கே என்றானது. வெளியாட்களுக்கு அன்றைய கூலியைப் பண்ணை கொடுத்து அனுப்புவது என்று முடிவானது. வாயில் ஒரு பருக்கை போடாமல் ஐயா எழுந்தார். தயிர்சாதம் ஜீப்பிலேயே புளித்துக் கிடந்தது. தள்ளுவதற்கு உள்ளூர் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு பக்கமும் கை வைக்கணும். ஒரு பக்கம் மட்டும் தள்ளறதா இருந்தா நான் நடந்தே போயிடறேன்."

லாரி ஆட்களும் வந்தார்கள். காலையில் யாருடைய அறுப்பைப் பிடுங்க வந்தார்களோ, அவர்களுடைய தோளோடு தோள் இடித்துக்கொண்டு தள்ளினார்கள். காரியக்காரர் ஸ்டெப்னி மேல் ஒரு விரலை வைத்தார், அதுவும் கணக்கில் சேர்ந்தது. வண்டி உதறிக்கொண்டு கிளம்பியதும் பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது.

"இப்பப் போங்கய்யா!"

திரும்பும்போதும் விளக்கு வளைவுக்கு வளைவு சிமிட்டியது. ஒரு நெல்லளவுதான் என்று தெரிந்தும் வழியெல்லாம் பயந்துகொண்டேதான் ஓட்டினேன். வரப்பில் குவிந்திருந்த ஜல்லிதான் கண்ணுக்குள் நின்றது.

போன வாரம் அந்த வயல் வந்தபோது மகளிடம் நிறுத்தச் சொன்னேன். கரைச்சாலை இப்போது தார்ச்சாலை. வயலில் ஓர் அறுவடை இயந்திரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேபினுக்குள் ஓட்டுகிறவன் காதில் எதையோ மாட்டியிருந்தான். வரப்பில் ஆள் இல்லை, அரைப் படிக்குச் சண்டை போட அங்கே கூலியே இல்லை. "ஆயிலுக்குப் பயந்துதானப்பா நிறுத்தச் சொன்னீங்க?" என்று மகள் சிரித்தாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இப்போதும் அதிகாரிகளின் வண்டிகள் அந்தப் பக்கம் வரத்தான் வருகின்றன. வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் வருவார்கள், தண்ணீர் வராமல் காய்ந்தால் வருவார்கள். வெள்ளை வண்டி வரப்போரம் நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும். ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அணைக்கச் சொல்லத்தான் கதிருக்கு நடுவிலிருந்து எழுந்து நிற்க ஒருத்தி இல்லை.