கவுச்சி இல்லாத நாள்

சுவேதா துணி மாற்ற வேண்டுமென்றால் அவளுடைய அப்பா பாலகுருவும் தம்பி அபியும் தெருவில் போய் நிற்க வேண்டும். முத்தியால்பேட்டையில் அவர்கள் இருந்த வீடு அப்படி. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கதவைச் சரியாகச் சாத்த முடியாத ஒரு குளியலறை. மழையில் இருவரும் ஒரே குடைக்குள் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி, கரண்டு போயிடுச்சா என்று கேட்டுச் சிரிப்பாள்.

பெண் பிளஸ் டூ வந்துவிட்டாள். இரண்டு பெட்ரூம் வீடு பார்த்தே தீருவது என்று அவள் அம்மா அமுதவல்லி முடிவெடுத்தாள். பாலகுரு முடிவெடுக்கட்டும் என்று விட்டிருந்தால், பேரப்பிள்ளைகளுக்காகவும் அவர் தெருவில்தான் நின்றிருப்பார்.

வாடகைக்கு என்று போர்டு தொங்கிய வீடெல்லாம் ஏறி இறங்கினாள். ஒரு வீட்டு வாடகை புருஷன் சம்பளத்தில் பாதி. இன்னொரு வீட்டில் இரண்டாவது பெட்ரூம் என்று காட்டியது, துணி காயப்போடும் பால்கனிக்குப் பலகை அடித்தது. கட்டுப்படியான இடத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள். மீன்பிடிக் கிராமமான வீராம்பட்டினம் என்றதும் மூக்கைச் சுருக்கி, மச்சான் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறது என்றார்கள். அந்த மச்சான் மகன் ஒருத்தனே எத்தனை வீட்டில்தான் குடியிருப்பானோ.

கடைசியில் புரோக்கர் சக்கரபாணி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீடு சொன்னார். பாலகுரு வேலை செய்யும் மேட்டுப்பாளையம் கம்பெனிக்குப் பக்கம். பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதை வாடகையில் போட்டால் சமாளித்துவிடலாம்.

"ஓனரம்மா சைவமான்னு கேக்கச் சொன்னாங்க. ஆமான்னு சொல்லிடு. அப்புறம் யாரு வந்து உன் சட்டிய மோந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

அமுதவல்லிக்குப் பொய் வராது என்றில்லை. மீன் விஷயத்தில் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரி செல்வாம்பாள் கீழே தனியாக இருந்தாள். சக்கரபாணியோடு வந்த அமுதவல்லிக்கு மாடியைத் திறந்து காட்டினாள். இரண்டாவது அறை சின்னதுதான், ஆனால் ஜன்னல் இருந்தது. அமுதவல்லி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக விழுந்தது. மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

சைவமா என்று செல்வாம்பாள் கேட்டபோது அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே ஆமாம் என்றாள். செல்வாம்பாள் முகம் ஏனோ தொங்கிப்போனது. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமையே பால் காய்ச்சிக்கொள் என்று சுரத்தில்லாமல் சொன்னாள்.

"ஐயோ, ஞாயித்துக்கெழம வேணாம்மா, அது கவுச்சி நாளு. வெள்ளிக்கெழம சுத்தபத்தமா வந்து காய்ச்சிடுறோம்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே உறைத்தது. சக்கரபாணி வாசலில் கிடந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைவத்துக்கு ஏதும்மா கவுச்சி நாளு?" என்றாள் செல்வாம்பாள்.

இனி மழுப்பி என்ன ஆகப்போகிறது. "வீராம்பட்டினம்மா நாங்க. மீனில்லாம என் புள்ளைங்களுக்கு சோறு எறங்காது. பொண்ணு வளந்துட்டா, கதவு போட்ட ரூமு ஒண்ணு வேணும். அதுக்குத்தான் பொய் சொன்னேன்."

செல்வாம்பாள் புரோக்கர் பக்கம் திரும்பினாள். "யோவ், சைவமான்னு கேளுன்னு சொன்னா, சைவமாப் பாத்து கூட்டியான்னா அர்த்தம்?"

முன்பு இருந்தவர்கள் சைவமாம். இவள் நெத்திலி வறுக்கச் சட்டி வைத்தாலே மேலே ஜன்னலைப் படாரென்று சாத்துவார்களாம். சொந்த வீட்டில் பாதி நாள் தயிர்ச்சோறு தின்று காலம் தள்ளியிருக்கிறாள். அந்த வதை மறுபடி வேண்டாம் என்றுதான் கேட்கச் சொன்னாளாம்.

போன உயிர் திரும்பியதும் அமுதவல்லி செய்த முதல் காரியம், வாடகையைக் குறைக்கச் சொன்னது.

"பொய் சொன்னதுக்கா?"

"எங்க அண்ணன் போட்டுல புடிச்ச மீனும்மா, ஐஸே பாக்காதது. உங்களுக்கும் சேத்து எடுத்தாறேன்."

வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அட்வான்ஸைப் பாதி இப்போது, மீதி தீபாவளிக்கு என்று செல்வாம்பாள் இறங்கி வந்தாள். அமுதவல்லிக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். அன்று சாயங்காலம் சுவேதா மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அமுதவல்லி திரும்பிப் பார்த்தால் அப்பாவையும் பிள்ளையையும் காணோம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போய்த் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மேல வாங்க ரெண்டு பேரும்," என்றாள். "தாப்பா போட்டுட்டா."