கூட்ஸ் வண்டி வீட்டில் ஓர் ஆணி

நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. நாங்களும் ரயிலேறித் திருத்தணியில் இறங்கினோம்: அம்மா, அக்கா, நான். நைனா வேலையை விட முடியாமல் பட்டணத்திலேயே தங்கிவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் பட்டாளத்தில். அக்காவுக்கு ஒன்பதாம் மாதம்.

வாடகை வீடு கேட்டுத் தெருத்தெருவாக அலைந்தோம். எல்லாரும் முதலில் அக்காவின் வயிற்றைத்தான் பார்த்தார்கள்.

“எத்தினி மாசம்?”

பதில் சொன்னதும் கதவு சாத்திக்கொள்ளும். பிறத்தியார் பிரசவமானாலும் தீட்டு அந்தக் கூரைக்குத்தான். அது கழிகிறவரை வீட்டுக்காரர்கள் மலையேறிச் சாமி பார்க்க முடியாது. மலைக்கு நேர் கீழே இருந்துகொண்டு அதற்கு யார் துணிவார்கள்?

கடைசியில் லாரி ரிப்பேர் செய்யும் ஒரு பாய் இடம் கொடுத்தார். ரயில்வேக்காரர்கள் கழித்துக் கட்டிய கூட்ஸ் வண்டி ஒன்றை வாங்கி, சக்கரத்தைக் கழற்றி, கட்டைகள் மேல் உட்காரவைத்திருந்தார். பக்கமெல்லாம் பலகை, கூரை மட்டும் தகரம். ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது.

“நம்மகிட்ட தீட்டு கீட்டு ஒண்ணும் இல்லம்மா. ஆனா வெயில் ஏறிச்சின்னா உள்ள ரொட்டி சுடலாம். அப்பால என்னியத் திட்டாதீங்க” என்றார்.

மணவூரில் தூரத்து உறவு இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்றாள் அம்மா. நான் விடவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளிலிருந்து விசித்திரமான வீடுகளின் படங்களை வெட்டிச் சேர்ப்பதில் பைத்தியம். ஏரியில் கழி நட்டுக் கட்டிய வீடு, மலையைக் குடைந்த வீடு, மர உச்சி வீடு, பனிக்கட்டியை அறுத்து அடுக்கிய வீடு. அந்த வரிசையில் நாமும் சேரப் போகிறோம் என்று குதித்தேன். அம்மா அலைந்து களைத்திருந்தாள். சரி என்றுவிட்டாள்.

குடிவந்த அன்றே சோற்றைக் குழைத்துப் படங்களைப் பலகையில் ஒட்டினேன். அக்கா படுத்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“ஏண்டி, இந்தத் தண்ணி மேல இருக்கிற வீட்ல கொழந்த தவழ்ந்தா?”

“கயிறு கட்டி வச்சிருப்பாங்க.”

“எப்பவும் கட்டிக்கினே இருப்பாங்களா? போடி, உனக்கே தெரியல.”

நான்கு நாளில் சிரிப்பு நின்றது. பகலில் தகரம் காய்ந்து உள்ளே மூச்சு முட்டியது. அக்காவின் கால்கள் வீங்கின. ஈரத்துணியைப் போட்டால் போட்ட கையோடு காய்ந்தது. பாய் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இங்க ஒரு ஜன்னல் வெட்டிடறேன்மா, ஒரு மணி நேர வேலை” என்றார்.

அம்மா பதறிப்போனாள். “வேணாம் பாய்! புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல வெட்டக் கூடாது, தோண்டக் கூடாது, ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. செவுத்துல படுற அடி சிசு மேல விழும்.”

பாய் உளியைக் கீழே வைத்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் கொட்டி வாதாடினேன். “பெத்துட்டு வந்து பேசு” என்றாள் அம்மா.

வெயிலில் பசை காய்ந்து படங்கள் சுருண்டு விழுந்தன. ஒரு மத்தியானம் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அக்கா கண்ணை மூடியபடியே, “அந்த ஐஸ் வீட்ட மட்டும் என் கண்ணுக்கு நேரா வைடி. பாத்துக்கினே இருக்கேன்” என்றாள். மறுபடி பசை கிண்டப் பொறுமையில்லை எனக்கு. பாயின் டப்பாவிலிருந்து சின்ன ஆணி ஒன்றை எடுத்து, அம்மிக் குழவியால் இரண்டே தட்டு. ஆணித் தலையில் ஒரு பருக்கையை நசுக்கி மறைத்தேன். அக்கா அசையவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அதற்கு ஆறாம் நாள் காலை, மருத்துவச்சி வந்து சேருவதற்கும் குழந்தை பிறப்பதற்கும் சரியாக இருந்தது. பெண். அம்மா விரல்களை எண்ணினாள், உதட்டைப் பார்த்தாள், வலது காதண்டை வந்ததும் கை நின்றது. காது மடலுக்கு முன்னால் ஒரு துளை. ஆணி நுனி அளவுதான்.

“யாரு ஆணி அடிச்சது?”

நான் ஐஸ் வீட்டுப் படத்துக்கு முன்னால் நகர்ந்து நின்றேன்.

“நான்தாம்மா” என்றாள் அக்கா. குரலே எழவில்லை. “ஏணை கட்டலாம்னு ஒண்ணு அடிச்சுப் பாத்தேன்.”

“பெத்தவளே பண்ணுவாளாடி இப்படி?” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்று முழுக்க அக்காவோடு பேசவில்லை. நான் அந்த ஆணியைப் பிடுங்கி, பலகையிலிருந்த ஓட்டையில் சோற்றை அடைத்தேன்.

இதைப் பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். பிறவியிலேயே பலருக்கு இருக்கிற துளைதான், ஒன்றும் செய்யாது என்று சிரித்தார். எனக்கும் தெரியும். ஆனால் அம்மா இன்னும் யாரிடமாவது அந்தக் கதையைச் சொல்லி அக்காவைக் குற்றம் சாட்டுகிறாள். அப்போதெல்லாம் அக்கா ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் வாய் திறப்பதில்லை.

குழந்தைக்கு இப்போது ஆறு வயது. தலை வாரிவிட என்னிடம்தான் வருவாள். வலப்பக்க முடியை மட்டும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பின்னுகிறேன். “இந்தப் பக்கம் மட்டும் ஏன் சித்தி கோணலா இருக்குது?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறாள்.